தீக்குச்சி, தீப்பெட்டி, ஒத்தை ஆள் சினிமா

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. நாலு தடவை ஆரம்பிச்சு நாலு தடவையும் மூடி வச்சிட்டேன். வழக்கமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு சாக்கு சொல்லுவேன். இந்தத் தடவை அது காரணமில்லை. எழுத எழுத, நான் சொல்ல வந்த விஷயத்துல ஏதோ ஒண்ணு தப்புன்னு எனக்கே தோணிக்கிட்டு இருந்தது. எங்கே தப்புன்னு போன தடவை ஊருக்குப் போனப்பதான் பிடிபட்டது.

முதல்ல ஊரைச் சொல்லிடறேன். பரளச்சி. விருதுநகர் மாவட்டத்துல அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காடு. மழை பெய்ஞ்சா மிளகாய், மல்லி, பருத்தி, குதிரைவாலி. பெய்யலைன்னா சீமைக்கருவேலம். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி மூட்டை மூட்டையா லாரியில ஏத்தி விடுவாங்க. சின்ன வயசுல எனக்குக் கிடைச்ச முதல் பென்சில் அந்தக் கரிதான். வீட்டுத் திண்ணை, பள்ளிக்கூடத்துச் சுவர், நிக்கிற டிராக்டர்னு ஒரு இடம் விடாம கிறுக்கி, அப்பாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டதெல்லாம் தனிக் கொசுவத்தி, இன்னொரு நாள் சுத்தறேன். அப்புறம் எல்லாரையும் போல இன்ஜினியரிங். இப்ப பெங்களூர்ல பொட்டி தட்டுற வேலை. ஆனா படம் வரையற பழக்கம் மட்டும் போகலை. ராத்திரி பத்து மணிக்கு மேல நோட்டுல வரைவேன். வரைஞ்சதை மொபைல்ல ஒண்ணொண்ணா போட்டோ எடுத்து, வரிசையா ஓடவிட்டு அசைய வைப்பேன். இதுவரைக்கும் முழுசா முடிச்சது பதினோரு செகண்ட் படம். சிரிக்காதீங்க :)

இப்படித் தனியா உக்காந்து, தனக்குத் தோணுற கதையைத் தானே வரைஞ்சு, தானே அசைய வைக்கிற கிறுக்கு வேற யாருக்கெல்லாம் இருந்திருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா, போற இடமெல்லாம் தீப்பெட்டி வந்து நிக்குது. எங்க மாவட்டத்துக்காரனுக்கு இதை விட வேற என்ன வேணும்? சரி, மேட்டருக்கு வருவோம்.

தீக்குச்சிக்கு உயிர் வந்த கதை

1908-ல பாரிஸ்ல எமில் கோல்னு ஒருத்தர் இருந்தார். பத்திரிகைகளுக்கு கேலிச்சித்திரம் போட்டுக்கிட்டு இருந்தவர். ஐம்பது வயசுக்கு மேல சினிமாவுக்கு வந்தவர். (முப்பது வயசுலயே 'இனிமே எங்க...'ன்னு பெருமூச்சு விடற நண்பர்கள் கவனிக்கவும்.) அந்த வருஷம் அவர் வரைஞ்ச 'ஃபேன்டஸ்மகோரி'யைத்தான் முழுக்கக் கையால வரைஞ்ச முதல் அனிமேஷன் படம்னு பலரும் சொல்றாங்க. ஓடறது ரெண்டு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கம்மி. அதுக்கு ஏறக்குறைய 700 படம். குச்சி மனுஷன் பூவா மாறுவான், பூ இன்னொண்ணா மாறும். கதைன்னு பெரிசா ஒண்ணும் கிடையாது. ஒரு கோடு அடுத்த கோட்டை இழுத்துக்கிட்டு வருது, அவ்ளோதான். அதே வருஷம் அவர் எடுத்த இன்னொரு படத்துல நடிகர்கள் யாருன்னா, தீக்குச்சிகள்! ஒவ்வொரு குச்சியையும் துளி நகர்த்தி, ஒரு பிரேம் எடுத்து, மறுபடி துளி நகர்த்தி, மறுபடி ஒரு பிரேம்.

இங்கிலாந்துல ஆர்தர் மெல்போர்ன்-கூப்பர்னு ஒருத்தர் இதுக்கும் முன்னாடியே தீக்குச்சி பொம்மைகளை வச்சு ஒரு சின்ன விளம்பரப் படம் எடுத்துட்டார்னு ஒரு கட்சி உண்டு. போர்ல இருக்கிற சிப்பாய்களுக்குத் தீப்பெட்டி அனுப்பப் பணம் குடுங்கன்னு கேக்கிற படம். அது 1899-ல போயர் போர் சமயத்துல எடுத்ததா, இல்லை 1914-ல முதல் உலகப்போர் சமயமான்னு ஆராய்ச்சியாளர்கள் மத்தியில சண்டை. எதுவா இருந்தாலும் நடிச்சது தீக்குச்சிதான்.

நம்ம நாட்டுக்கு வாங்க. இந்திய சினிமாவோட தந்தைன்னு சொல்ற தாதாசாகிப் பால்கே. அவரு 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) எடுத்தது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முந்தின வருஷம் என்ன எடுத்தார் தெரியுமா? ஒரு தொட்டியில பட்டாணியை ஊன்றி, தினமும் கொஞ்சம் பிரேம் எடுத்து, முளைவிட்டுக் கொடியாகிறதை ஒரு நிமிஷ சொச்சத்துல ஓடவிட்டுக் காட்டினார். பணம் போடறவங்களுக்கு நம்பிக்கை வரணுமே, அதுக்குத்தான். நம்ம பாஷையில சொன்னா டெமோ! அதே பால்கே 1915-ல 'ஆக்காட்யாஞ்சி மௌஜ்'னு ஒரு குறும்படம் எடுத்தார். மராத்தியில 'தீக்குச்சிகளின் கூத்து'ன்னு அர்த்தம். இந்தியாவோட முதல் அனிமேஷன் முயற்சிகள்ல இதுவும் ஒண்ணு. பிரதி எதுவும் மிஞ்சலை. தீக்குச்சி மாதிரியே எரிஞ்சு முடிஞ்சு போச்சு.

கல்லுல அச்சடிச்ச வானவில்

பால்கே சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கிட்டிருந்தார்ங்கிறது இன்னும் சுவாரசியம். பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில படிச்சவர். போட்டோ எடுத்தார், அப்புறம் அச்சுத் தொழிலுக்கு வந்தார். ராஜா ரவிவர்மா 1894-ல ஆரம்பிச்ச லித்தோ அச்சகத்துக்கு வேலை பார்த்திருக்கார். ரவிவர்மாவோட சரஸ்வதியும் லட்சுமியும் நம்ம வீட்டுச் சுவருக்கெல்லாம் வந்தது அந்த அச்சகத்து வழியாத்தான். கல்லுல படம் எழுதி, ஒவ்வொரு கலருக்கும் ஒரு கல்லு வச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அச்சடிக்கிற வித்தை அது.

அந்த வித்தைதான் தீப்பெட்டியையும் அழகாக்குச்சு. அந்தக் காலத்துல இந்தியாவுக்குத் தீப்பெட்டி சுவீடன்ல இருந்தும் ஜப்பான்ல இருந்தும் கப்பல்ல வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு எந்தத் தீப்பெட்டின்னு எப்படி அடையாளம் தெரியும்? படத்தை வச்சுத்தான். யானை, புலி, கிளி, சாமி. 'கிளி தீப்பெட்டி குடுங்க'ன்னா கடைக்காரருக்குப் புரியும். அதனால சாமி படமும் மிருகப் படமும் வெளிநாட்டுலயே அச்சாகி இங்கே வந்து இறங்குச்சு.

1922-ல சிவகாசியில இருந்து அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. 1923-ல சிவகாசியில தொழில் ஆரம்பமாச்சு. மழை இல்லாத ஊரு, வேற பொழைப்பு இல்லாத ஜனம், குச்சியும் மருந்தும் காயறதுக்குத் தோதான வெயில். தொழில் சாத்தூர், கோவில்பட்டின்னு பரவிடுச்சு. தீப்பெட்டின்னா லேபிள் வேணுமே? அடுத்த சில வருஷத்துல லித்தோ அச்சகமும் சிவகாசிக்கு வந்துடுச்சு. தீப்பெட்டியும் பட்டாசும் குடுத்த லேபிள் வேலைதான் பின்னாடி காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம்னு வளர்ந்து நின்னது.

இந்த இடத்துல ஒருத்தரைச் சொல்லாம போக முடியாது. சி. கொண்டையராஜு (1898–1976). மெட்ராஸ் ஓவியப் பள்ளியில படிச்சவர். கொஞ்ச காலம் திருவண்ணாமலையில ரமணர் ஆசிரமத்துல இருந்திருக்கார். ரமணர் பிறந்தது எங்க பக்கத்துத் திருச்சுழிங்கிறதைச் சந்தடி சாக்குல சொல்லிக்கிறேன் :) அப்புறம் நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதப் போனார். அந்தக் கம்பெனி 1942-ல கோவில்பட்டிக்கு வந்த இடத்துல கலைஞ்சு போக, இவர் அங்கேயே தங்கிட்டார். சிஷ்யர்களைச் சேர்த்துக்கிட்டு தேவி ஆர்ட் ஸ்டூடியோ நடத்தினார். அவர் எழுதின முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசியில அச்சாகி இந்தியா பூரா சுவத்துல தொங்குச்சு.

அவருக்காவது பேர் இருக்கு. காலண்டர்ல கையெழுத்து இருக்கும். தீப்பெட்டி லேபிள் வரைஞ்சவங்களுக்கு? ரெண்டு இஞ்ச் சதுரத்துக்குள்ள ஒரு மயிலை நிக்க வச்சு, பின்னாடி சூரியனையும் உதிக்க வச்ச கைகளோட பேரு எந்தப் பெட்டியிலயும் இல்லை. கம்பெனி பேரு இருக்கும், ஊர் பேரு இருக்கும், குச்சி எத்தனைன்னு இருக்கும். வரைஞ்சவர் பேரு மட்டும் இருக்காது.

சர்க்கார் சம்பளத்துல கார்ட்டூன்

சினிமாப் பக்கம் திரும்பிடுவோம். சுதந்திரத்துக்கு அப்புறம் 1948-ல மத்திய அரசு பிலிம்ஸ் டிவிஷனை ஆரம்பிச்சது. தியேட்டர்ல படத்துக்கு முன்னாடி கறுப்பு வெள்ளையில ஓடுமே, அந்த செய்திச்சுருள் ஆட்கள். 1956-ல கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி குடுக்க கிளேர் வீக்ஸ்னு ஒரு அமெரிக்கர் வந்தார். டிஸ்னியில 'ஸ்னோ ஒயிட்', 'பாம்பி'க்கெல்லாம் வேலை பார்த்தவர். மிஷனரி குடும்பம், பிறந்ததே இந்தியாவுலதான். அவர் மேற்பார்வையில 1957-ல வந்தது 'தி பேனியன் டியர்'. புத்த ஜாதகக் கதை.

அந்தப் பயிற்சியில சேர்ந்தவர்தான் ராம் மோகன் (1931–2019). படிச்சது கெமிஸ்ட்ரி, பொழைப்பு அனிமேஷன். (தடம் மாறினவங்க சங்கத்துல முதல் உறுப்பினர் அட்டையை இவருக்குக் குடுத்துடலாம்.) பின்னாடி சொந்த ஸ்டூடியோ வச்சு, ஜப்பான்காரர்களோட சேர்ந்து 1990-கள்ல வந்த ராமாயண அனிமேஷன் படத்துக்கும் டைரக்டர்கள்ல ஒருத்தரா இருந்தார்.

இந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தா, வரைஞ்ச கைகள்ல திறமை நிறைய இருக்கு. ஆனா கதை பெரும்பாலும் சர்க்கார் சொல்ற கதை. குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு, ஒற்றுமை. 'எனக்கு ஒண்ணு தோணுது, அதை வரையறேன்'னு சொல்றதுக்கு இடம் கம்மி. வெளியில வந்து அப்படி வரைஞ்ச ஆரம்பகால ஆட்கள்ல பீம்சைன் ஒருத்தர். 1970-ல சொந்த முயற்சியில 'தி கிளைம்ப்'னு ஒரு குறும்படம் எடுத்தார். சிகாகோ விழாவுல பரிசும் வாங்குச்சு. ஆனா அந்த வழியில பின்னாடி கூட்டம் வரலை. ஏன் வரலைங்கிறதுக்குக் கணக்கே பதில் சொல்லும்.

75 குரோஸ் கணக்கு

சினிமாவுல ஒரு செகண்டுக்கு 24 பிரேம். கையால வரையறவங்க பெரும்பாலும் ஒரு படத்தை ரெண்டு பிரேமுக்கு வச்சு ஒப்பேத்துவாங்க. அப்படின்னா செகண்டுக்கு 12 படம். ஒரு நிமிஷத்துக்கு 720. பதினஞ்சு நிமிஷப் படம்னா 10,800.

இந்தக் கணக்கைத் தெரிஞ்சும் ஒருத்தர் தனியா இறங்கினார். கீதாஞ்சலி ராவ். பம்பாய்க்காரர். 1994-ல ஜே.ஜே.யில கமர்ஷியல் ஆர்ட் முடிச்சவர். பால்கே படிச்ச அதே ஜே.ஜே. பரம்பரை! அனிமேஷன் கத்துக்கிட்டது ராம் மோகன் ஸ்டூடியோவுல. நாடகத்துல நடிப்பார். 2018-ல வந்த 'அக்டோபர்' இந்திப் படத்துல கதாநாயகிக்கு அம்மாவா வருவாரே, அவரேதான். அவர் மூணு வருஷம் தனி ஆளா உழைச்சு 2006-ல முடிச்ச படம் 'பிரிண்டட் ரெயின்போ'. அச்சடிச்ச வானவில்.

பதினஞ்சு நிமிஷம். வசனம் இல்லை. பெரிய நகரத்துல ஒரு அடுக்குமாடி வீட்டுல ஒரு வயசான அம்மா, ஒரு பூனை. வீடு முழுக்கச் சாம்பல் நிறம். அந்த அம்மாகிட்ட தீப்பெட்டிச் சேகரிப்பு ஒண்ணு இருக்கு. பெட்டியை எடுத்துப் பார்த்தா, லேபிள்ல இருக்கிற கலர் கலரான உலகத்துக்குள்ள அம்மாவும் பூனையும் போயிடுறாங்க. அவ்ளோதான் சொல்லுவேன், மீதியை நீங்களே பாருங்க. 2006 கான் விழாவுல விமர்சகர்கள் வாரத்துல மூணு விருது வாங்குச்சு. படம் தயாரிச்சது, எழுதினது, வரைஞ்சது, அசைய வச்சது, டைரக்ட் பண்ணது எல்லாம் அவர்தான்.

இதை முதல்ல பார்த்தப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. ஏன்னா அந்தப் பெட்டிகள் எங்க ஊர்ப் பெட்டிகள்! இல்லைன்னாலும் எங்க ஊர்ப் பெட்டிகளோட சொந்தக்காரங்க. கான் வரைக்கும் போன கிளியும் மயிலும் எங்க வெயில்ல காய்ஞ்சது.

அப்புறமும் அவர் நிக்கலை. 2014-ல 'ட்ரூ லவ் ஸ்டோரி'. பம்பாய் சிக்னல்ல பூ விக்கிற பையனும் பொண்ணும். அதை வளர்த்து முழுநீளப் படமா 'பாம்பே ரோஸ்'. 2019-ல வெனிஸ்ல விமர்சகர்கள் வாரத்தோட தொடக்கப் படம், 2021-ல நெட்பிளிக்ஸ்ல வந்தது. அதுக்குத் தனி ஆள் போதாது. 60 பேர் மாதிரி ஓவியர்கள் ஒன்றரை வருஷம் பிரேம் பிரேமா வரைஞ்சாங்க. 15 நிமிஷத்துக்கு ஒருத்தர் மூணு வருஷம்னா ஒன்றரை மணி நேரத்துக்கு எத்தனை வருஷம்னு நீங்களே பெருக்கிப் பாத்துக்குங்க. ஒத்தை ஆள் சினிமாவோட எல்லை அங்கதான் இருக்கு. கை ஒண்ணுதான், ஆயுசும் ஒண்ணுதான்.

கரி

கணக்கு இப்படிப் பயமுறுத்தும்போது நம்ம இன்ஜினியர் மூளை என்ன சொல்லும்? 'முதல்ல கதையை முழுசா எழுதி, சீன் பிரிச்சு, எல்லாத்தையும் பிளான் பண்ணிட்டு அப்புறம் வரை. ஒரு படம்கூட வீணாகக் கூடாது'ன்னு சொல்லும். நானும் அப்படித்தான் நினைச்சேன். எக்ஸெல்ல ஷீட்டெல்லாம் போட்டு வச்சிருந்தேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

தென்னாப்பிரிக்காவுல வில்லியம் கென்ட்ரிட்ஜ்னு ஒரு ஓவியர். 1955-ல ஜோகன்னஸ்பர்க்ல பிறந்தவர். 1989-ல இருந்து அவர் எடுத்த படங்கள்ல பலதும் கரியால வரைஞ்சது. அதுவும் ஒவ்வொரு பிரேமுக்கும் புதுப் பேப்பர் கிடையாது. ஒரு சீனுக்கு ஒரே பெரிய பேப்பர். வரைவார், கேமராகிட்ட நடந்து போய் ஒரு பிரேம் எடுப்பார், திரும்பி வந்து கொஞ்சம் அழிச்சுட்டு மாத்தி வரைவார், மறுபடி கேமராகிட்ட போவார். அழிச்ச இடத்துல பழைய கரியோட நிழல் அப்படியே தங்கிடும். ஆள் நடந்து போனா, நடந்த தடமும் பேப்பர்ல கூடவே தெரியும். நிறவெறிக் காலத்து நாட்டைப் பத்தின படத்துக்கு இதை விடப் பொருத்தமான முறை வேற என்ன? அழிச்சாலும் முழுசா அழியாது.

முக்கியமான விஷயம், இந்தப் படங்களுக்கு அவர் முன்கூட்டியே ஸ்கிரிப்ட் எழுதுறதில்லை. சீன் பிரிச்சு வச்சுக்கிறதும் இல்லை. ஒரு படத்தை வரைய ஆரம்பிக்கிறது, பேப்பருக்கும் கேமராவுக்கும் நடுவுல நடக்கிறது, அந்த நடையில அடுத்தது தோணுறது. எமில் கோலோட கோடு அடுத்த கோட்டை இழுத்துக்கிட்டு வந்த மாதிரியேதான்.

தனியா வரையறவருக்கு இருக்கிற ஒரே சலுகை இதுதான்னு எனக்குப் படுது. 60 பேருக்கு வேலை பிரிச்சுக் குடுக்கணும்னா பிளான் வேணும். ஒருத்தருக்கு வேண்டாம். கை போற பக்கம் போய்ப் பார்க்கலாம். தப்பா போனா நஷ்டம் ஒரு ராத்திரிதான்.

படிக்க நல்லாத்தான் இருக்கு, நடக்கிற காரியமான்னு கேட்டா, அங்கதான் எங்க அம்மா வர்றாங்க.

படத்தோட முதுகு

எங்க அம்மா பிறந்தது சாத்தூர்ப் பக்கம். கல்யாணம் ஆகித்தான் பரளச்சிக்கு வந்தாங்க. சின்ன வயசுல வீட்டுல உக்காந்து தீப்பெட்டி ஒட்டினவங்க. தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து (எங்க பக்கம் பேக்டரியை ஆபீஸ்னுதான் சொல்லுவோம்) சீவலும் காகிதமும் லேபிளும் வீட்டுக்கு வரும். ஒட்டிக் குடுத்தா குரோஸ் கணக்குல காசு. ஒரு குரோஸ்னா 144 பெட்டி. அம்மா ஏழாம் வகுப்போட நின்னதுக்கு இந்தக் குரோஸும் ஒரு காரணம்.

'பிரிண்டட் ரெயின்போ' பார்த்ததுல இருந்து எனக்கு ஒரு கதை ஆசை. தீப்பெட்டி ஒட்டுற ஒரு சின்னப் பொண்ணு. லேபிள்ல இருக்கிற கிளி உயிர் வந்து அவளைக் கூட்டிக்கிட்டுப் பறக்குது. இதை மனசுல வச்சுத்தான் இந்தப் பதிவையும் எழுத ஆரம்பிச்சேன். 'எங்க ஊர் ஜனம் உலகத்துக்கே கலர் ஒட்டினாங்க'ன்னு கடைசி வரிகூட ரெடி.

ஊருக்குப் போனப்ப அம்மாகிட்ட லேப்டாப்ல அந்தப் படத்தைக் காட்டினேன். மூணு வருஷம் தனியா வரைஞ்சாங்கம்மா, பொதுவா இவ்வளவு நீளத்துக்குப் பத்தாயிரத்து எண்ணூறு படம் ஆகும்னு சொன்னேன். அம்மா வாய்க்குள்ளயே வகுத்துப் பார்த்தாங்க.

"எழுபத்தஞ்சு குரோஸு. அதுக்கா மூணு வருஷம்? பள்ளிக்கூடம் விட்டு வந்து தினம் ரெண்டு மூணு குரோஸ் ஒட்டிப் போட்ருவேன்யா நானு. ஒரு மாச வேலை."

சிரிச்சு முடிச்சுட்டு என் நோட்டைக் காட்டினேன். தரையில சம்மணம் போட்டு ஒரு பொண்ணு, முன்னாடி வரிசையா லேபிள், எல்லாத்துலயும் கிளி. கரியில வரைஞ்சு, கிளிக்கு மட்டும் பச்சை அடிச்சிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "தப்பா வரைஞ்சிருக்கய்யா" அப்படின்னாங்க.

"எது தப்பு?"

"இப்படி நிமித்தி வச்சா எப்படிப் பசை தடவ? லேபிளைக் குப்புறக் கவுத்தி, விசிறியாட்டம் விரிச்சு, முதுகுல தடவணும். எடுத்து வச்சு ஒரே அமுக்கு. அடுத்தது."

"அப்ப படம்?"

"படத்தை யாரு பாத்தா? ஓரம் கோணாம இருக்கான்னு பாப்போம். கோணுச்சுன்னா கழிச்சுருவாக."

இதான் அந்த வார்த்தை. படத்தை யாரு பாத்தா.

அம்மா ஒரு பழைய தினசரியைக் கிழிச்சு, நாப்பது வருஷத்துக்கு முந்தின வேலையைச் செஞ்சு காட்டினாங்க. இடது கை பெட்டியைத் திருப்புது, வலது கைக் கட்டைவிரல் காகிதத்தை நீவுது, அது முடியறதுக்குள்ள ஆள்காட்டிவிரல் அடுத்த காகிதத்தைத் தள்ளித் தயார் பண்ணிடுது. பார்த்துக்கிட்டே வரைஞ்சேன். பத்துப் பதினஞ்சு படம் வரைஞ்ச பிறகு பேப்பர்ல மிஞ்சி நின்னது வெறும் வெள்ளைச் சதுரமும் விரலும்தான். கிளிக்கு அங்கே இடமே இல்லை.

இந்தத் தப்பு என் எக்ஸெல் ஷீட்ல தெரியவே தெரியாது. 'பொண்ணு லேபிள் ஒட்டுகிறாள்'னு ஒரு வரி எழுதியிருந்தேன், அது சரியாத்தான் இருந்தது. எழுத்துக்கு லேபிள் நிமிர்ந்து இருக்கா, கவுந்து இருக்கான்னு சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கோட்டுக்கு இருக்கு. வரைஞ்சாத்தான் தெரியாதது தெரியுது. இப்படி வரைஞ்சு வரைஞ்சு கதையைக் கண்டுபிடிக்கிறதுல அர்த்தம் இருக்குன்னு எனக்கு நம்பிக்கை வந்தது அன்னைக்குத்தான்.

அம்மா ஒட்டினது 1980-களோட ஆரம்பத்துல. விடியறதுக்கு முன்னாடி கிராமம் கிராமமா வண்டி வந்து பிள்ளைகளைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு அள்ளிக்கிட்டுப் போன காலம் அது. 1986-ல குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. தீப்பெட்டித் தயாரிப்பு தடைப் பட்டியல்ல இருந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா போட்ட வழக்குல 1996 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், வேலைக்கு வச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும்னு தீர்ப்பு சொன்னது. நான் பிறந்தது அதுக்கு அப்புறம். எனக்குக் கரி பென்சிலாச்சு, அம்மாவுக்குக் கையில பசைதான் இருந்தது. நடுவுல இருக்கிறது ஒரு சட்டமும், ஒரு தீர்ப்பும், அம்மாவோட பிடிவாதமும்.

கீதாஞ்சலி ராவ் படத்து அம்மாவுக்குத் தீப்பெட்டி வெளியே போற கதவு. அதுல ஒரு குறையும் இல்லை, அது அவர் பார்த்த பக்கம். அந்தக் கதவோட முதுகுப் பக்கத்துல எங்க அம்மா உக்காந்திருந்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது அச்சுக்குப் பின்னாடி இருக்கிற வெள்ளை. அந்தப் படத்தை நான் காப்பி அடிக்கப் பார்த்தேன். அதுதான் என் தப்பு. நாலு தடவை டிராஃப்ட் நின்னதும் அதனாலதான்.

தீப்பெட்டி விலை 14 வருஷம் ஒரு ரூபாய்லயே நின்னு, 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூபாய் ஆச்சு. லைட்டர் வந்து பாதி அடுப்பைப் பிடிச்சிடுச்சு. இனிமே பெட்டியை ஞாபகம் வச்சுக்கப் போறது லேபிள் சேர்க்கிறவங்கதான். அவங்க ஆல்பத்துலயும் லேபிள் நிமிர்ந்துதான் இருக்கும். முதுகை யாராவது வரைஞ்சு வைக்கணும்.

எக்ஸெல் ஷீட்டை அழிச்சுட்டேன். புதுப் படத்துக்குப் போட்ட ஒரே திட்டம் மூணு குரோஸ், அதாவது 432 படம், 36 செகண்ட். முழுக்கக் கரி. முழுக்க வெள்ளைச் சதுரமும் விரலும். கிளி வருமா வராதான்னு இன்னும் தெரியலை, வரைஞ்சு பார்த்தாத்தான் தெரியும். இன்னிய தேதிக்கு ஒரு குரோஸ் முடிஞ்சிருக்கு. பன்னெண்டு செகண்ட். பழைய பதினோரு செகண்ட் ரெக்கார்டு காலி! அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "ஒரு குரோஸுக்கு ஒன்றரை மாசமா? உன்னைய வேலையை விட்டே நிப்பாட்டிருப்பாக"ன்னு பதில் வந்தது.

டிஸ்கி: உங்க வீட்டுல யாராவது பெட்டி ஒட்டினவங்க, கட்டை அடுக்கினவங்க, லேபிள் வரைஞ்ச ஓவியர்கள் இருந்தா, அவங்ககிட்ட பேசிப் பார்த்து ஒரு பதிவு போடுங்க மக்களே. கேக்கும்போது கையில ஒரு நோட்டும் வச்சுக்குங்க. வரையத் தெரியாட்டியும் பரவாயில்லை, தப்பா வரைஞ்சாத்தான் அவங்க திருத்துவாங்க :)